மறைப்பது தெரியாமல் மறைக்கும் கொடி

கண்ணாடிக்காரருக்குத் தெருப்பிள்ளைகள் வைத்த பெயர் 'இதுவா அதுவா'. கடைவீதியின் கோடியில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுபவரின் பெட்டிக்கும் நடுவில் இருந்தது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே ஒரே ஒரு சுழல் நாற்காலி. அதில் வந்து உட்காருபவரின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும், "இது தெளிவா இருக்கா, அதுவா? இப்ப சொல்லுங்க, இதுவா அதுவா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் அந்தக் கேள்வியை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட மனிதருக்குத் தன் காரியம் என்று வந்துவிட்டால் பதில் சொல்ல வராது. செருப்புக் கடைக்குப் போனால் இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று என்று மாட்டிக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் பழைய செருப்போடு வீடு திரும்புவார்.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எல்லாரும் பி.டி. டீச்சர் என்பார்கள். மைதானத்தில் ஒரு விசில் ஊதினால் இருநூறு பிள்ளைகள் நிற்கும். வீட்டில் விசில் ஊதாமலே கண்ணாடிக்காரர் நிற்பார். எந்தக் குழாயை மாற்றுவது, எந்தச் சுவருக்கு என்ன வண்ணம், எல்லாம் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "முடிவெடுக்கறது ஒரு தனி உடம்புவாகு. எனக்கு அது இல்ல. அவளுக்கு இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தாப் போதாதா?" என்பார்.

அந்த டீச்சர் பயிற்சியாளர் படிப்புக்காகத் தொலைவில் ஒரு நகரத்துக்குக் கிளம்பினார். திரும்பி வர ஒரு வருடம் பக்கம் ஆகும். கிளம்புகிற நாள் காலையில், பெட்டியைப் பூட்டிக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாகக் கணவரிடம் ஒரு முடிவை ஒப்படைத்தார்.

"என்னங்க, நான் வர்றதுக்குள்ள பின்பக்க வேலியில ஒரு கொடி ஏத்திடுங்க. நல்லா அடர்த்தியா, சட்டுனு வாடிப்போகாத கொடியா."

"என்ன கொடி?"

"அது நீங்க பார்த்து முடிவு பண்ணுங்க."

கண்ணாடிக்காரர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நீயே சொல்லிட்டுப் போயேன்."

"நான் சொன்னா அக்காவுக்குத் தெரிஞ்சிடும். நீங்கன்னா சந்தேகம் வராது," என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

விஷயம் இதுதான். டீச்சரின் அப்பா தன்னுடைய மனையை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு வீடு, பின்பக்கத்தில் ஆளுக்கொரு தோட்டம், நடுவில் இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே வரும் கம்பிவலை வேலி. அக்காவுக்குத் தங்கைமேல் உயிர். அந்த உயிர்தான் தொந்தரவு. தங்கை வீட்டுக் கொடிக்கயிற்றில் என்ன துணி காய்கிறது, அது சரியாகப் பிழியப்பட்டிருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை சமையலறை விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டார். "ஒரு துண்டு காயப்போட முடியல. 'அந்தத் துண்டு இன்னும் இருக்கா? பிஞ்சிருக்குமேன்னு நெனச்சேன்'ங்கறா. நல்லவதான். ஆனா பார்க்காம இருக்கமாட்டேங்கறா." டீச்சர் பேருந்து ஏறும்போதும் அதையேதான் சொன்னார்: "மறைக்கணும். ஆனா மறைக்கறதுக்குன்னு வச்ச மாதிரி தெரியக்கூடாது. பூவுக்கு ஆசைப்பட்டு வச்ச மாதிரி இருக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையை ஆட்டினார். புரியாததால்தான் ஆட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போனார். நர்சரி நடத்துகிற அம்மாள் எப்போதும் ரப்பர் குழாயோடுதான் நிற்பார். வாடிக்கையாளரிடம் பேசும்போதுகூடக் குழாயை நிறுத்தமாட்டார். பேச்சு வளர வளர வந்தவர் கால் நனையும்.

"அடர்த்தியா வேணும்னா காகிதப்பூ எடுத்துக்குங்க சார். வெயில், காத்து, தண்ணி ஊத்தாத சோம்பேறி, எல்லாத்தையும் தாங்கும்."

"முள்ளு இருக்குமே? அந்தப் பக்கம் அண்ணி, அதான் வீட்டுக்காரியோட அக்கா, துணி காயப்போடுவாங்க."

"அப்ப மல்லி?"

"அவங்களுக்கு மூச்சிளைப்பு உண்டு. வாசனை சேராது."

"திராட்சை ஏத்துங்க. இலை நல்லா பெருசா இருக்கும்."

"இலை கொட்டுமா?"

"கொட்டும். கொட்டித் திரும்ப வரும்."

கண்ணாடிக்காரர் கவலையோடு யோசித்தார். இலை கொட்டுகிற மாதங்களில் எல்லாம் வெட்டவெளிச்சம் ஆகிவிடும். அதோடு கனி அந்தப் பக்கம் தொங்கினால் யாருடையது? பறித்தால் ஒரு பேச்சு, பறிக்காவிட்டால் ஒரு பேச்சு.

"சங்குப்பூ?" என்று தானே கேட்டார்.

"அழகுதான். ஆனா ஒல்லியா ஏறும். அதுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா அந்தப் பக்கம் நிக்கிறவங்க பல்லு வரைக்கும் தெரியும்." குழாய்த் தண்ணீர் அவருடைய செருப்புக்குள் புகுந்தது. "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"முள்ளு கூடாது, வாசனை கூடாது, இலை கொட்டக்கூடாது, காய் காய்க்கக்கூடாது, லேசுல சாகக்கூடாது. ஆனா பூக்கணும்."

அந்த அம்மாள் குழாயை முதல்முறையாகக் கீழே போட்டார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறவங்ககூட இவ்வளவு கேட்கமாட்டாங்க சார்."

வெறுங்கையோடு வீடு வந்தார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். கடையில் வந்து உட்கார்ந்தவர்களிடம், வில்லை மாற்றுகிற சாக்கில், "உங்க வீட்டு வேலியில என்ன கொடி?" என்று விசாரித்தார். ஒருவர் வேரால் சுவரை அப்பிக்கொண்டு ஏறும் கொடியைச் சொன்னார். இவருக்கு இருப்பதோ கம்பிவலை. இன்னொருவர், கொடி என்றாலே பாம்பு என்றார். மருந்துக்கடைக்காரர், பேசாமல் பச்சைத் துணி கட்டிவிடச் சொன்னார். ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, குட்டை மேலும் மேலும் குழம்பியது.

இந்த நிலையில்தான் சகலைக்கு விஷயம் தெரிந்தது.

சகலை, அதாவது அண்ணியின் கணவர், ஒரு பள்ளிக்கூடத்தின் பேருந்து ஓட்டுநர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய மஞ்சள் வண்டி மாலையானால் வீட்டு வாசலில் வந்து நிற்கும். யாருக்கு எந்த உதவி என்றாலும் கேட்பதற்கு முன்பே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடும் ஆள். கண்ணாடிக்காரர் ஒரு நாள் வேலி ஓரமாக நின்று கம்பிவலையை முழம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன சகலை, வேலியைத் தடவிக்கிட்டு நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணே. ஒரு கொடி ஏத்தலாமான்னு..."

"அட, நானே சொல்லணும்னு இருந்தேன்! மொட்டையா அசிங்கமாக் கிடக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஏத்துவோம். உன் பக்கம் பாதி, என் பக்கம் பாதி. குழி நான் தோண்டறேன். உன் கையி வில்லை பிடிக்கற கையி."

கண்ணாடிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்த வீட்டிலிருந்து மறைக்க வேண்டுமோ அந்த வீட்டுக்காரரே கடப்பாரையோடு வருகிறார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். சரி என்றால் மனசு அறுக்கும். அன்று தொலைபேசியில் மனைவியிடம் சொன்னபோது மறுமுனையில் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லதாப் போச்சு. அத்தானே தோண்டட்டும்," என்றார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்சரி அம்மாள், இந்த மனிதரை விட்டால் போதும் என்று, மூன்று தொட்டிகளைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம். ஒரு காகிதப்பூ, ஒரு மல்லி, ஒரு சங்குப்பூ. வேண்டாம் என்று தள்ளியவற்றில் மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றையும் வேலி ஓரமாக வரிசையாக வைத்தார். சகலை சொன்னபடியே கடப்பாரையோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

குழி தோண்டத் தோண்ட மண் வரவில்லை. வீடு கட்டியபோது புதைத்த செங்கல் துண்டும் காரைக்கட்டியும்தான் வந்தன. சகலை வியர்வையைத் துடைத்துக்கொண்டே கதை பேசினார், பாடினார், கடப்பாரையை ஓங்கிப் போட்டார். ஒரு தரம் நிமிர்ந்து பின்னால் நகர்ந்தபோது காகிதப்பூவின் நீண்ட கிளை ஒன்று அவர் காதோரத்தைக் கீறிவிட்டது. "பாரு, கடிக்குது," என்று சிரித்தார். சற்று நேரத்தில் மல்லித் தொட்டியை மிதித்து உடைத்தார். "இதை இங்க யாரு வச்சது?" தொட்டி காலையிலிருந்து அதே இடத்தில்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் ஒன்றும் நினைக்கவில்லை. சகலை எப்போதும் அப்படித்தான். யானை மாதிரி நடப்பார், எதையாவது இடிப்பார். அவர் வீட்டு வாசல் தூணிலேயே வண்டியின் மஞ்சள் வண்ணம் ஒட்டியிருக்கும்.

"சகலை, கொஞ்சம் தண்ணி கொடேன்."

கண்ணாடிக்காரர் செம்பை நிரப்பி எடுத்து வந்து, சகலையின் இடது பக்கமாக நின்று நீட்டினார். சகலை நேராகப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தண்ணி?"

செம்பு அவர் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கண்ணாடிக்காரரின் கை அப்படியே நின்றது. தோட்டக்காரராக, சகலையாக, குழப்பக்காரராக நின்றுகொண்டிருந்த மனிதர் அந்த ஒரு கணத்தில் கடைக்காரராக மாறினார். செம்பைச் சற்று முன்னால் கொண்டுவந்தார். இன்னும் முன்னால். மூக்குக்கு எதிரே வந்தபோதுதான் சகலை, "இந்தா இருக்கே," என்று வாங்கிக் குடித்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இப்படி உட்காருங்க." கண்ணாடிக்காரர் காகிதப்பூவிலிருந்து இரண்டு கிளைகளை ஒடித்தார். எதிரே நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டார். "என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பார்க்காதீங்க. எந்தக் கிளை ஆடுது, சொல்லுங்க. இதுவா, அதுவா?"

"இதென்ன, பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி? நீ இன்னும் ஆட்டவே இல்லையே."

இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கைகளை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். இரண்டு கிளைகளும் கிட்டத்தட்ட முகத்துக்கு முன்னால் சேர்ந்த பிறகு சகலை, "ஆ, இப்ப ரெண்டும்," என்றார். சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்துவைத்தார். பிறகு வெயில் ஏறிவிட்டது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரை அனுப்பினார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் தனக்குள்ளேயே வாதாடினார். சகலை கண் நல்ல கண். கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் தட்டாமல் படிக்கிறவர். ஆனால் எழுத்துப் பலகை நேர் எதிரே மட்டும்தானே இருக்கிறது? சில பேருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலியே இல்லாமல், ஓரத்திலிருந்து பார்வை தின்னப்பட்டுக்கொண்டே வரும். நடுவில் மட்டும் ஒரு குழாய் போலத் தெளிவாக இருக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறார். இரண்டொருவரை மருத்துவமனைக்கு அனுப்பியும் இருக்கிறார். அதுவாக இருக்குமா? இல்லை, பச்சை இலையைப் பச்சைச் செடிகளுக்கு முன்னால் ஆட்டினால் யாருக்குத்தான் தெரியும்? வெயில் வேறு. வியர்வை வேறு.

மாலையில் அந்த இரண்டு கிளைகளையும் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். அண்ணி துணி எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணி, அப்படியே என் மூக்கைப் பாருங்க," என்றார்.

அண்ணி திடுக்கிட்டுப் பார்த்தார். "மூக்கைப் பார்க்கறேன். அதுக்கு எதுக்குத் தம்பி ரெண்டு கையிலயும் இலைய வச்சுக்கிட்டுப் பேயோட்டற மாதிரி ஆட்டறீங்க?"

மூக்கையே பார்த்த அண்ணிக்கு ஓரத்தில் ஆடிய கிளைகள் தெரிந்துவிட்டன. கண்ணாடிக்காரர் கிளைகளைக் கீழே போட்டார். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது உறுதியாகிவிட்டது.

"அண்ணன் இருக்காரா?"

சகலை வீட்டுக்குள் வானொலியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் மென்று விழுங்கி, சுற்றி வளைத்து, ஒருவழியாகச் சொன்னார். பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், நாளை வண்டி எடுக்க வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்ப்போம் என்றார். சகலையின் முகம் சிவந்தது.

"லைசன்ஸ் போன வருஷந்தான் புதுப்பிச்சேன். உன் கடையிலதான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அப்ப நல்ல கண்ணு, இப்பக் கெட்ட கண்ணா? உனக்கு ஒரு கொடி எதுன்னு முடிவு பண்ணத் தெரியல. என் கண்ணை முடிவு பண்ண வந்துட்ட!"

சகலை சொன்னது உண்மைதானே. திரும்பி வந்து மனைவிக்குப் போன் செய்தார். மைதானத்தின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "கொடியா? எதையாவது வைங்களேன், நான் அப்புறம் பேசறேன்," என்று டீச்சர் வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லலாமா? சொன்னால் சகலையின் பிழைப்பு அன்றோடு போயிற்று. அது தன் தவறாகவும் இருந்துவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த வண்டியில் ஏறுகிற பிள்ளைகள்? சொன்னால் ஒரு பாவம், சொல்லாவிட்டால் ஒரு பாவம். எந்த வில்லையைப் போட்டுப் பார்த்தாலும் மங்கலாகத்தான் இருந்தது.

காலையில் வாசலில் பேருந்து உறுமியது. கண்ணாடிக்காரர் அப்போதும் ஒரு முடிவுக்கும் வந்திருக்கவில்லை. ஆனால் கால்கள் நடந்துவிட்டன. கலைந்த தலையும் வீட்டுச் சட்டையுமாகப் போய், திறந்திருந்த கதவு வழியாக ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"இறங்கு," என்றார் சகலை.

"நானும் வர்றேன் அண்ணே. முதல் பிள்ளை ஏறற இடம் வரைக்கும்."

சகலை வண்டியை எடுத்தார். காலித் தெரு. இருக்கைகள் எல்லாம் காலி. திருப்பத்தில் இடது பக்கத்துச் சந்திலிருந்து பால்காரர் ஒருவர் சைக்கிளில் வெளியே வந்தார். சகலை திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, இடது பக்கம் சைக்கிள்!"

வண்டி அலறி நின்றது. பால்காரர் கேன்களோடு தடுமாறி, காலை ஊன்றி நின்று, வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போனார். சகலை தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். மறுபடி அந்தச் சந்தைப் பார்த்தார்.

"அங்க யாரும் இல்லியேப்பா," என்றார். "நான் பார்த்தேனே. அங்க யாரும் இல்ல."

ஸ்டியரிங்மேல் வைத்த கைகளை எடுக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சகலையே வண்டியை ஓரங்கட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, உடம்பு முடியவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள்.

கண் மருத்துவர் சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டு கண்ணிலும் அழுத்தம். போன பார்வை போனதுதான், திரும்ப வராது. தினமும் சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டுவது என்பது இனி இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவரை விட்டுவிடவில்லை. வண்டிகளைக் கவனிக்கிற வேலை தருகிறோம், அடுத்த பருவம் தொடங்கும்போது வாருங்கள் என்றார்கள். அதுவரை சகலை வீட்டில் இருந்தார். பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை, வேலிக்கு எதிரே. கண்ணாடிக்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கண்ணாடிக்காரர் அண்ணியாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தார். ஒரு நாள் வேலி ஓரத்தில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க செஞ்சது நல்லதுதான் தம்பி. இல்லேங்கல. ஆனா முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மூக்குக்கு நேரே இலைய ஆட்டினீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்." சொல்லிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இது கோபமா, பாசமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சரியான காரியம் செய்த மனிதனுக்கு மனம் லேசாக இருக்க வேண்டுமே, தனக்கு ஏன் திருடன் போல இருக்கிறது என்றும் பிடிபடவில்லை.

கொடி விஷயம் இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது. வேலியை மூடினால், 'என் பிழைப்பைக் கெடுத்துவிட்டு இப்போது என் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காமல் மறைக்கிறான்' என்று சகலை நினைப்பார். மூடாவிட்டால், பேசாத இரண்டு பேர் கம்பிவலையின் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? தோண்டிய குழிகள் வேறு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. காகிதப்பூவை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். கண் மங்கியவர் நடமாடும் இடத்தில் முள் வேண்டாம். சங்குப்பூவையும் உடைந்த தொட்டி மல்லியையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்.

நர்சரி அம்மாள் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். "பூண்டுக்கொடி. முள்ளு கிடையாது. வருஷம் பூரா பச்சையா நிக்கும். இலையைக் கசக்கினா மட்டும் பூண்டு வாசம் வரும். கசக்காட்டி ஒண்ணும் தெரியாது. ஊதாப்பூ பூக்கும். நீங்க கேட்ட பொண்ணு இதுதான் சார், கூட்டிட்டுப் போங்க."

குழி ஏற்கெனவே இருந்ததால் நட்டார். அவ்வளவுதான் அவர் எடுத்த முடிவு.

முதல் சில வாரங்கள் அது கொடியாகவே இல்லை. புதர் போல ஒரே இடத்தில் முறைத்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரு நாள் நீண்ட விரல் ஒன்றை வெளியே விட்டது. அதன்பின் நிறுத்தமுடியவில்லை. கம்பிவலையில் நுழைந்து, சுற்றி, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. செங்கல் மண்ணும் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் இலையைக் கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசம் வரவில்லை. கண்ணாடிக்காரர் தன் மூக்கைச் சந்தேகித்தார். நாலைந்து இலைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருகிறவர்களிடம் எல்லாம் நீட்டினார். மருந்துக்கடைக்காரர், "லேசா வருதே," என்றார். சாவி வெட்டுபவர், "மண்ணெண்ணெய் மாதிரி இருக்கு," என்றார். கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாள், கண் சோதனைக்கு எதற்கு இலையை முகர வேண்டும் என்று பயந்து எழுந்து போய்விட்டார்.

வேலியின் பாதி மூடியிருந்தபோது அது பூத்தது. ஊதா அல்ல. ஒரு மாலையில் நீண்ட காம்புகளில் வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்கின. இனிப்பான வாசனை தோட்டம் முழுக்க வீசியது. கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாசனை! அண்ணியின் இளைப்பு! மறுநாள் காலை நர்சரிக்கு ஓட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழுந்து வந்து பார்த்தால், வெள்ளைப் பூக்களில் பல இளஞ்சிவப்பாகியிருந்தன. அதற்கும் மறுநாள் அவை நல்ல சிவப்பு. அதே கொத்தில் புதிதாக வெள்ளையும் விரிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏம்ப்பா," என்றார் சகலை. மாதக்கணக்கில் கேட்காத குரல். இலைகளுக்கு நடுவே ஆள் பாதிதான் தெரிந்தார். "ஒரு விஷயம் கேட்கணும். உண்மையைச் சொல்லணும்."

"கேளுங்க அண்ணே."

"ஒரே கொத்துல மூணு கலர் தெரியுது. நேத்து வெள்ளையா இருந்தது இன்னிக்குச் சிவப்பாத் தெரியுது. ரெண்டு நாளாப் பார்க்கறேன். அவகிட்டக் கேட்கப் பயமா இருக்கு. அந்தச் சொட்டு மருந்தாலயா? இல்ல, மிச்சமும் போகுதா?"

கண்ணாடிக்காரர் வேலிக்கு நெருங்கி வந்தார். "இல்லண்ணே. எனக்கும் மூணாத்தான் தெரியுது. நானும் என் கண்ணுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"நெஜமாவா?"

"நெஜமா. வெள்ளை, ரோஸ், சிவப்பு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு; அதன் பின்னால் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. "அப்ப சரி," என்றார் சகலை. "இதென்ன கொடி?"

"தெரியல அண்ணே. பூண்டுக்கொடின்னுதான் கொடுத்தாங்க."

"பூண்டா? இது பூண்டுன்னா நான் விமானம் ஓட்டறவன்."

நர்சரி அம்மாள் பிறகு வந்து பார்த்து, நாற்று மாறிவிட்டது, இது ரங்கூன் மல்லி, வேண்டுமானால் பிடுங்கிவிட்டு வேறு தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அண்ணிதான் முதலில் சொன்னார். வாசனை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "எனக்குக் கடையில விக்கற செண்டுதான் சேராது தம்பி, மல்லி சேராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார். யார் சொன்னது என்று கண்ணாடிக்காரரால் யோசித்துச் சொல்ல முடியவில்லை.

டீச்சர் பயிற்சி முடிந்து வந்தபோது வேலி முழுவதும் மூடியிருந்தது. நடுவில் ஓர் இடத்தைத் தவிர. சகலை தன் நாற்காலிக்கு எதிரே கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி வைத்திருந்தார். இந்தப் பக்கம் அதே உயரத்தில் கண்ணாடிக்காரரின் நாற்காலி இருந்தது. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"மறைக்கச் சொன்னேனே?"

"மறைச்சிருக்கே."

"அப்ப இது?"

"அது அண்ணன் வெட்டினது. ஏன்னு கேட்கல."

அந்த ஓட்டை வழியாக அண்ணியின் முகம் எட்டிப் பார்த்தது. "வந்துட்டியா? இளைச்சுப் போயிட்ட. அங்க என்ன சோப்புப் போட்டுத் துவைச்ச, சட்டையெல்லாம் சாயம் போயிருக்கு?" டீச்சர் கணவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

சகலை இப்போது பள்ளிக்கூடத்து வண்டி நிறுத்தத்தில் வேலை பார்க்கிறார். கண்ணாடிக்காரரை மன்னித்துவிட்டாரா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண் அழுத்தம் பார்க்கிற நாளில் மட்டும், "சகலை, கிளம்பு," என்று வாசலில் வந்து நிற்பார். இருவரும் ஊர்ப் பேருந்தில்தான் போவார்கள். சகலை ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தை முழுசாகத் திருப்பிச் சாலையைப் பார்ப்பார். "இவன் கியர் மாத்தற லட்சணத்தைப் பாரு. மாவாட்டற மாதிரி மாத்தறான்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். ஓட்டுநர் திரும்பி முறைப்பார். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.